எதிரே நின்று பழகிய அடவு

இதை வாசிக்கிற பிள்ளைகளே, உங்களுக்கு ஏதாவது எழுது என்றால் நான் றப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஆனால் நான் எழுதப்போவது நடனத்தைப் பற்றி. நாற்பத்தாறு வயதில் நான் பரதநாட்டியம் படித்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் மகள். இதைக் கேட்டதும் சிரிப்பு வரும். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்களும் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள். கடைசியில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எஹலியகொடையிலிருந்து பஸ்ஸில் வந்து, இறங்கி, மேட்டில் அரை மணி நேரம் நடந்தால் எங்கள் தோட்டம். கீழே றப்பர், மேலே கொஞ்சம் தேயிலை. நான் பால் வெட்டுகிறேன். என் மனைவி கொழுந்து எடுக்கிறாள். எங்களுக்குப் பிள்ளை அவள் ஒருத்திதான். தோட்டத்துக்குக் கீழே உள்ள தமிழ்ப் பாடசாலையில் பதினோராம் ஆண்டு வரை படிக்கலாம். அங்கேதான் அவள் நடனத்தை ஒரு பாடமாக எடுத்தாள்.

கணக்கு அவளுக்கு வரவில்லை. விஞ்ஞானமும் அப்படித்தான். நான் எட்டாம் ஆண்டோடு நின்றவன், எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. ஆனால் நடனப் பாடம் இருக்கிற நாளில் அவள் மேட்டில் இறங்கிப் போகிற வேகமே வேறு. பத்தாம் ஆண்டுக்கு வந்தபோது ஒருநாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், "நான் டான்ஸ் டீச்சராத்தான் போவேன்" என்று. அதற்குப் பதினோராம் ஆண்டுக்குப் பிறகு உயர்தரத்தில் நடனம் எடுக்க வேண்டும். அது பஜாரில் இருக்கிற பெரிய பாடசாலையில்தான் உண்டு. நான் ஒருநாள் அங்கே போய் விசாரித்தேன். பதினோராம் ஆண்டு முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சையில் நடனத்துக்கு 'சீ' சித்தியாவது, அதாவது தேர்ச்சியாவது, இருந்தால் எடுப்போம் என்றார்கள். அதற்குக் கீழே 'எஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதுவும் சித்திதான், ஆனால் இதற்கு உதவாது. ஆக, எங்கள் மகளின் வழி அந்த ஒரு எழுத்தில் இருந்தது. வீட்டில் மூன்று பேருக்கும் அது தெரியும்.

பதினோராம் ஆண்டின் தொடக்கத்தில் நடன டீச்சர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் யாழ்ப்பாணப் பக்கத்தவர். பஜாரில் ஓர் அறையில் தனியாக இருந்து ஐந்து வருடம் படிப்பித்தார். அம்மாவுக்குச் சுகமில்லை, பார்க்க ஆளில்லை. அவர் மேல் எனக்குக் குறையே இல்லை. போகிற அன்று நானும் மகளும் போய் அவருடைய பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றிக் கொடுத்தோம்.

"அண்ணை, பிள்ளையிட்ட நல்ல தாளம் இருக்கு. விட்டிடாதேங்கோ" என்றார்.

"வேற டீச்சர் வருவாங்களா டீச்சர்?" என்று கேட்டேன்.

"எழுதிக் குடுத்திருக்கிறன்" என்றார்.  பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீர் ஆருக்காவது சொல்லிக் குடும். சின்னப் பிள்ளையளோ, கூட்டாளியோ, ஆரெண்டாலும் பரவாயில்லை. நான் படிக்கேக்க விளங்காதது எல்லாம் உங்களுக்குப் படிப்பிக்கேக்கதான் எனக்கு விளங்கினது" என்றார்.

மகளோடு நடனம் எடுத்த மற்ற இரண்டு பிள்ளைகளும் சித்திரத்துக்கு மாறிவிட்டார்கள். புது டீச்சர் வரவில்லை. அந்த வருடம் முழுக்க வரவில்லை.

அவள் முதலில் லயத்துச் சிறுமிகள் நாலு பேரைச் சேர்த்தாள். அரைமண்டி என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை இரண்டு பக்கமும் திருப்பி, முழங்கால்களை வெளியே விரித்துப் பாதி உட்கார்ந்து நிற்பது. அதிலேயே நிற்க வேண்டும், அதிலேயே தட்ட வேண்டும். சிறுமிகள் மூன்று நாள் வந்தார்கள். நாலாவது நாள் ஒருத்தியின் அம்மா வந்து, "பாப்பா, எம்புள்ள கக்கூசுக்குப் போகக்கூட உக்கார முடியலங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு அது முடிந்தது.

பால் வெட்டுகிறவனுக்கு வேலை காலையோடு சரி. விடியும்போது மரத்துக்குப் போனால், பாலைச் சேர்த்துக் கொண்டுபோய் ஊற்றி, குளித்து, இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். மனைவி கொழுந்து நிறுத்துவிட்டு வர ஐந்து மணியாகும். இடையில் நானும் மகளும்தான். அன்று நான் இஸ்தோப்பில், அதாவது காம்பரா என்கிற எங்கள் ஒற்றை அறைக்கு முன்னால் இருக்கிற ஒடுக்கமான விறாந்தையில், கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து முன்னால் நின்றாள்.

"அப்பா, எந்திரிங்க."

"எதுக்கு?"

"நீங்கதான் இனி என் ஸ்டூடண்ட்."

"போம்மா. ஆள் இல்லன்னு மரத்தப் புடிச்சு ஆட்டுவியா?"

"மரம்னா சொன்ன பேச்சுக் கேக்கும். எந்திரிங்கப்பா."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். ஏதோ ஒருநாள் விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரம் நிற்பதிலேயே போனது. நான் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் முன்னால் வந்து ஒன்றையொன்று பார்க்கும். அவள் "விரிங்க, விரிங்க" என்பாள். நான் விரிப்பேன். உடனே முதுகு முன்னால் சாயும். "நிமிருங்க" என்பாள். நிமிர்ந்தால் முழங்கால் மூடிக்கொள்ளும். அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. டீச்சர் அவளுக்குச் சொன்னதைத்தான் அவளும் எனக்குச் சொன்னாள். சொன்னால் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் அவள் தரையில் குப்புறப் படுத்து, என் கால்களைப் பக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து என் இடுப்பெலும்பில் கையை வைத்து அமுக்கி, "முட்டியில இருந்து திறக்காதீங்க. இங்க இருந்து, தொடை தொடங்குற இடத்துல இருந்து திருப்புங்க" என்றாள். திருப்பினேன். முழங்கால் தானாகவே வெளியே போனது. அவள் அப்படியே நின்றாள். பிறகு, "ரெண்டு வருசமா டீச்சர் எனக்கு, பின்பக்கம் தள்ளுது, பின்பக்கம் தள்ளுதுன்னே சொல்லிட்டு இருந்தாங்க. இதானா அது!" என்று சொல்லி, தானும் உட்கார்ந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் உட்கார்ந்த அரைமண்டியை நான் இன்னும் மறக்கவில்லை. டீச்சர் சொன்னது உண்மைதான் என்று அப்போது நினைத்தேன்.

பிறகு என்னைக் காம்பராச் சுவரில் முதுகை ஒட்டி வைத்து உட்காரச் சொன்னாள். தலை, முதுகு, பின்புறம் மூன்றும் சுவரில் பட வேண்டும். பட்டது. சுண்ணாம்பும் பட்டது. தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் பக்கத்துக் காம்பரா அக்கா, "என்னா அண்ணே, செவுத்துக்கு வெள்ளையடிச்சீங்களா, முதுகுக்கா?" என்று கேட்பாள். அவள் புருஷன் அதற்கு மேல். "மாப்ள, அரங்கேற்றம் எப்ப? சொல்லுங்க, பட்டுச்சேலைக்கு இப்பவே சீட்டுப் புடிக்கணும்" என்பான். மகள் சிரிக்க மாட்டாள். வகுப்பு நேரத்தில் அவள் முகமே வேறு.

அவள் கண்டுபிடித்த இன்னொன்று என் பாதம். தட்டும்போது பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும். என் பாதம் விரல் பக்கம் முதலில் விழுந்தது. மலையில் ஏறி ஏறிப் பழகிய கால், குதியை ஊன்றத் தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஒரு றப்பர்க் கட்டையைக் குச்சியால் தட்டி, "தெய்யா தெய், தெய்யா தெய்" என்று சொல்லிக்கொண்டே, "ரெண்டு சத்தம் கேக்குது. ஒரே சத்தமா வரணும்" என்பாள். பல நாள் கழித்து ஒரே சத்தமாக வந்தது. அதற்குப் பிறகு அவளுடைய பாதத்திலும் எங்கே இரண்டு சத்தம் வருகிறது என்று எனக்கும் கேட்கத் தொடங்கியது. மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமாகச் செய்கிறபோது, அவளுடைய குதி தரையில் படாமல் தப்பும். "மகளே, உனக்கும் ரெண்டா கேக்குது" என்றேன். முறைத்தாள். பிறகு செய்து பார்த்து, "ஆமாப்பா" என்றாள்.

இனித்தான் சொல்ல வேண்டியது வருகிறது.

டீச்சரிடம் படித்தபோது பிள்ளைகள் டீச்சரின் முதுகைப் பார்த்து ஆடுவார்களாம். மகளும் அப்படித்தான் என்னைப் பின்னால் நிறுத்தினாள். எனக்கு அது சரிவரவில்லை. "உம்முதுகத்தான் பாத்துட்டு நிக்கிறேன். பாவாடைக்குள்ள கால் எங்க போவுதுன்னு தெரியல. நீ என்னப் பாத்து நில்லு" என்றேன். அவள் திரும்பி, இஸ்தோப்பின் அந்தக் கோடியில் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் என்னைப் பார்த்து நின்றாள். நான் இந்தக் கோடியில், விறகு அடுக்குக்குப் பக்கத்தில்.

எந்த அடவும், அதாவது காலும் கையும் சேர்ந்த எந்த அசைவும், வலது காலில்தான் தொடங்கும். வலதில் செய்து, பிறகு இடதில் செய்ய வேண்டும். எதிரே நிற்கிற அவள் தன் வலது காலைத் தூக்கினால், எனக்கு அது என் இடது கைப் பக்கம் தெரியும். நான் இடதைத் தூக்குவேன். அவள் "வலது, வலது" என்று கத்துவாள். நான் மாற்றுவேன். அடுத்த முறை திரும்பவும் இடது. பால் வெட்டுகிறவன் மரத்தைச் சுற்றி ஒரே பக்கமாகத்தான் நகர்வான். கண் போகிற பக்கம் கால் போகும், அப்படித்தான் எங்கள் உடம்பு பழகியிருக்கிறது. சொல்லை வைத்துக் காலை மாற்ற எனக்கு வரவில்லை. இரண்டு வாரம் இதே கூத்து.

அப்போது அவள் ஒரு வேலை செய்தாள். எனக்காகத் தன் பக்கத்தை மாற்றிக்கொண்டாள். அவள் இடது காலைத் தூக்கினாள். நான் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்து என் வலதைத் தூக்கினேன். அன்றே தட்டடவு எட்டும் ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இதென்ன, முன்னாடியே இப்படிச் செஞ்சிருக்கலாமே?"

"சின்னப் பிள்ளைங்களுக்கு டீச்சர் இப்படித்தான் செய்வாங்க" என்றாள் பெருமையாக. "டீச்சர்னா மாத்தி ஆடத் தெரியணும்ப்பா."

"உனக்குக் குழம்பாதா?"

"எனக்குத் தெரியும்ல. பரீட்சையில வலதுல தொடங்கினாச் சரி."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பிறகு பேசவே இல்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை ஆடினோம். பெரிய மழை பெய்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் அவள் தட்டுகிற கட்டை கேட்காது. அப்போது அவள் தலையை அசைத்தே தாளம் காட்டுவாள். நான் அவள் முகத்தைப் பார்த்தே ஆடுவேன். தட்டடவு முடிந்து நாட்டடவு, அது முடிந்து மற்றவை, பிறகு எல்லாவற்றையும் கோர்த்து ஒரு ஜதி. எல்லாம் அவள் இடதிலும் நான் வலதிலும்.

எனக்கு அது பிடித்துப் போனது, பிள்ளைகளே. அதை மறைக்கக் கூடாது. மரத்தடியில் நிற்கும்போதுகூடக் கால் தட்டும். ஒருநாள் வெளிக்கள உத்தியோகத்தர் வந்தது தெரியாமல் நான் இரண்டு மரத்துக்கு நடுவில் அரைமண்டியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். சிங்களவர், நல்ல மனிதர்.

"மொகத ஒய் மே கரன்னே?" என்றார். என்ன செய்கிறாய் என்று.

"துவட்ட நெட்டும் விபாகயக் தியெனவா, சேர்" என்றேன். மகளுக்கு நடனப் பரீட்சை இருக்கிறது என்று.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "விபாகே துவட்டத, ஓயாட்டத?" என்றார். பரீட்சை மகளுக்கா, உனக்கா?

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால், என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியை அந்த மனிதர் ஒருவர்தான் கேட்டார்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மகள் சொன்னாள், "அப்பா, நாளையிலயிருந்து நான் மட்டும் தனியா செஞ்சு பாக்குறேன்" என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு இன்னும் மூணாங் காலம் வரலையே. இந்த வாரம் மட்டும் என்னோட செய். எனக்கு வந்துச்சுன்னா உனக்கும் நல்லாப் பதிஞ்ச மாதிரி" என்றேன். டீச்சர் சொன்னதை அவளிடமே திருப்பிச் சொன்னேன். அவள் சரி என்றாள். அந்த வாரம் இரண்டு வாரமானது, மூன்று வாரமானது. மனைவி ஒருநாள் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, "அந்தப் புள்ளயக் கொஞ்சம் தனியா விடுங்களேன். நீங்க என்னமோ சின்னப் புள்ள மாதிரி..." என்றாள். எனக்குக் கோபம் வந்தது. "ஒனக்கு இதப் பத்தி என்னா தெரியும்?" என்றேன்.

அவளுக்கு நடனம் தெரியாது. மகளைத் தெரியும்.

செய்முறைப் பரீட்சை இரத்தினபுரியில் ஒரு பெரிய பாடசாலையில் நடந்தது. சலங்கை எங்கள் பாடசாலைச் சலங்கை. அதிபர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்திருந்தார். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் போனோம். மகள் தலை நிறையப் பூ வைத்து, பஞ்சாபி உடுப்புக்கு மேல் சால்வையை இறுக்கிக் கட்டியிருந்தாள். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மடியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். 

பெற்றோர் உள்ளே போக முடியாது. ஒரு நீளமான கட்டடம், ஜன்னலில் கம்பி. நான் ஒரு பலாமரத்தடியில் நின்றேன். அவளைக் கூப்பிட்டார்கள். பரீட்சகர் கட்டையைத் தட்டுவது கேட்டது. "தெய்யா தெய்" என்று தொடங்கினார். மகளின் கால் விழுந்தது.

அந்தச் சத்தத்தை நான் என்ன சொல்ல! ஒரே சத்தம். குதியும் விரலும் சேர்ந்து, சலங்கையோடு, பலகையில் அறைந்த மாதிரி. எத்தனை மாதம் கேட்ட சத்தம், ஒரு தட்டாவது இரண்டாக உடையவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் பிள்ளை வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கட்டைச் சத்தம் நின்றது.

"பிள்ளை, வலக்காலில தொடங்கும்" என்று ஒரு குரல்.

"சரி டீச்சர்" என்றாள் மகள்.

நான் ஜன்னல் பக்கம் போனேன். பரீட்சகர் இருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். மகள் அவர்களைப் பார்த்து நின்றாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கட்டை தட்டியது. மகளின் இடது கால் எழுந்தது. திரும்ப நிறுத்தினார்கள். மகள் குனிந்து தன் இரண்டு பாதங்களையும் பார்த்தாள். மூன்றாவது முறை வலது கால் எழுந்தது. ஆனால் கை பழைய பக்கமே போனது. காலைப் பிடித்தால் கை தப்பியது, கையைப் பிடித்தால் கால். முதலாம் காலத்தை எப்படியோ ஓட்டினாள். இரண்டாம் காலத்தில் தடுமாறினாள். மூன்றாம் காலத்துக்கு அவர்கள் தட்டவே இல்லை. "சரி, ஜதி செய்யும்" என்றார்கள்.

ஜதியை அவள் முழுவதும் ஆடினாள், நிற்காமல். எல்லாம் இடதிலிருந்து. ஒரு திருப்பம் வலது பக்கம் போக வேண்டும், இடது பக்கம் போனாள். நடுவில் அவளுக்கே தெரிந்துவிட்டது. மாற்றப் பார்த்தாள். பாதி மாறியது, பாதி மாறவில்லை. அங்கேயே நின்று, கையை அப்படியே வைத்துக்கொண்டு, மேசைக்கு முன்னால் இருந்த வெறுந்தரையைப் பார்த்தாள். அந்த இடத்தில் யாரும் இல்லை. பிறகு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பரீட்சகர்கள் மேல் குற்றமில்லை. மூன்று முறை அவகாசம் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. சலங்கைப் பையை மடியில் வைத்து, அது சத்தம் போடாமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். அழவில்லை. ரொம்ப தூரம் வந்த பிறகு நான்தான் கேட்டேன்.

"வலதுன்னு சொன்னாங்கல்ல மகளே?"

"சொன்னாங்க. வாய்க்குத் தெரியுதுப்பா. காலுக்குத் தெரியல."

 பிறகு, "கட்டையத் தட்டினதும் நீங்க முன்னால நிக்கிற மாதிரியே இருந்துச்சு. நீங்க வலது தூக்கணும்னு நான் இடதத் தூக்கிட்டேன்" என்றாள்.

என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

வீட்டில் மனைவி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.  சோறு போட்டாள். மறுநாள் மகள் சலங்கையைப் பாடசாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

முடிவு வர மாதக்கணக்கானது. அந்த மாதங்களில் நான் மனதுக்குள் ஏதேதோ சொல்லிக்கொண்டேன். எழுத்துப் பரீட்சையை நன்றாகச் செய்தாளே, கால் சத்தம் சுத்தமாக இருந்ததே, அதற்குப் புள்ளி தர மாட்டார்களா என்று. நடனத்துக்கு 'எஸ்' வந்தது. கணக்கும் விஞ்ஞானமும் போய்விட்டன. பஜார்ப் பாடசாலைக்கு நான் பெறுபேற்றுத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். கால் பக்கம் மாறின கதையைச் சொல்லிப் பார்த்தேன். அங்கே இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "விளங்குது ஐயா. ஆனா தாள்ல இருக்கிறதத்தான் நாங்க பாக்க முடியும்" என்றார். அவர் சொல்வதும் சரி. அடுத்த வருடம் திரும்ப எடுக்கலாம் என்று சொன்னார். மகளிடம் சொன்னேன். "யார்கிட்ட படிச்சு எடுக்கிறது?" என்றாள்.  பாடசாலைக்கு நடன டீச்சர் இன்னும் வரவில்லை. இனி அந்தப் பாடமே அங்கே இல்லை, எடுக்கப் பிள்ளைகள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அவள் காமெண்டுக்குப் போகிறாள், தைக்கிற தொழிற்சாலைக்கு. காலையில் வேன் பெரிய ரோட்டுக்கு வரும். அவளும் இன்னும் மூன்று பெண்களும் டார்ச் அடித்துக்கொண்டு மேட்டில் இறங்கிப் போவார்கள். அங்கே சட்டைக் கையை உடம்போடு இணைக்கிற மெஷின் அவளுக்கு. நாள் முழுக்க ஒரே கையை, ஒரே பக்கத்தில். வந்ததும் கால் வீங்கியிருக்கும். நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன்.

பிள்ளைகளே, டீச்சர் சொன்னது பொய் இல்லை. சொல்லிக் கொடுத்தால் விளங்கும். என் மகளுக்கு அரைமண்டி எங்கே திறக்கிறது என்று விளங்கியதும், பாதம் எங்கே உடைகிறது என்று விளங்கியதும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததால்தான். ஆனால் படிக்கிறவன் எங்கே நிற்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று ஒன்று இருக்கிறது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மனைவி சொன்னாள், நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மழை. பால் வெட்டு இல்லை. மகள் உள்ளே படுத்திருந்தாள். நான் இஸ்தோப்பில், விறகு அடுக்குக்குப் பக்கத்தில், அந்தக் கோடியில் இருக்கும் தண்ணீர்ப் பீப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சும்மா உட்கார்ந்து பார்த்தேன். தட்டடவு வந்தது. நாட்டடவு வந்தது. மூன்றாம் காலமும் வந்தது. எல்லாம் வலதில் தொடங்கி, கை சரியான பக்கம் போய், திருப்பம் சரியான பக்கம் திரும்பி வந்தது. நான் யோசிக்கவே இல்லை. பரீட்சையில் கேட்டது அத்தனையும் பிசகாமல் என் காலில் இருந்தது. நாற்பத்தேழு வயதுப் பால் வெட்டுக்காரனின் காலில்.

நிறுத்திவிட்டுத் திரும்பினால் மகள் கதவில் சாய்ந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"கால் சரியாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் பார்த்தாள். "வலது முட்டி மூடுது. தொடையில இருந்து திருப்புங்கப்பா."

திருப்பினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, திங்கட்கிழமைக்குப் போடுகிற சட்டையை அடுப்பு மேலே காயப்போட உள்ளே போனாள்.